அண்ணனின் பதிலாள்

என் அண்ணன் என்னோடு பேசி எட்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. அவருடைய பதிலாளும் என்னுடைய பதிலாளும் மட்டும் தினமும் பேசிக்கொண்டிருந்தன. அந்த வெள்ளிக்கிழமை வரை எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள்தான் நான். பதிலாட்களைக் கவனிக்கும் திணைக்களத்தில் சம்பளம் வாங்குகிறவள்.

பதிலாள் என்றால் என்னவென்று இன்றைக்கு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பின்னால் வருகிறவர்கள் நம்பமாட்டார்கள் என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன். எங்கள் நாடு கடலோர அயல்நாடுகளோடு சேர்ந்த வங்கக்கடல் ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று மூன்று தடவை வாக்கெடுப்பு நடந்தது. முதல் தடவை இருப்போம் என்று வந்தது, வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. தோற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை விலகுவோம் என்று வந்தது, வித்தியாசம் அதைவிடக் குறைவு. அப்போதும் தோற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாக்கெடுப்பே செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அதை மட்டும் எல்லோரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவு களைத்துப்போயிருந்தோம்.

களைப்பு என்று சும்மா சொல்லவில்லை. கலியாண வீட்டில் இரண்டு பந்தல் போட்டார்கள், இருப்போம் ஆட்களுக்கு ஒன்று, விலகுவோம் ஆட்களுக்கு ஒன்று. மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சலூனில், 'ஒன்றியம் பற்றிக் கதைப்பவர்களுக்கு முடி வெட்டப்படமாட்டாது' என்று அட்டை தொங்கியது. செய்தியில் அந்தச் சொல் வந்தாலே பிள்ளைகள் எழுந்து வெளியே போனார்கள். அப்போதுதான் யாரோ ஒரு புத்திசாலி இந்த யோசனையைக் கொண்டுவந்தார். நாங்கள் கதைக்க வேண்டாம், எங்களுக்காக இயந்திரங்கள் கதைக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு பதிலாளிடம் தன் மனதில் இருப்பதையெல்லாம் சொல்லி வைப்பது. அது எங்கள் குரலில், எங்கள் கோபத்தோடு, மன்றத்தில் போய் மற்றவர்களின் பதிலாட்களோடு வாதாடும். மூன்றில் இரண்டு பங்குப் பதிலாட்கள் ஒரு பக்கம் சேர்ந்து தொண்ணூறு நாள் அப்படியே நின்றால், அதுதான் நாட்டின் முடிவு.

சட்டம் நிறைவேறிய அன்று ஊரெல்லாம் வெடி கொளுத்தினார்கள். அதன் பிறகு நாங்கள் நிம்மதியாக வாயை மூடிக்கொண்டோம். அது ஆறு வருடத்துக்கு முந்திய கதை. முடிவு இன்னும் வரவில்லை.

என் வேலை சரிபார்ப்பு. வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் ஆளிடம் பன்னிரண்டு கேள்வி கேட்க வேண்டும், பிறகு அதே பன்னிரண்டையும் பதிலாளிடம் கேட்க வேண்டும். ஒன்பது ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் அதற்கு 'விலகல்' என்று பெயர். அலுவலரும் ஆளும் பெருவிரல் வைத்தால் பதிலாள் பதிந்து முடித்த நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்பிவிடும். வருடமெல்லாம் அது கேட்டது, யோசித்தது எல்லாம் போய்விடும்.

வியாழக்கிழமை பின்னேரம் தவராசா சேர் என்னைக் கூப்பிட்டார். மாவட்டத்துக்குப் பொறுப்பானவர், ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது.

"எமில்டா, சங்குப்பாட்டில ஒரு வீடு மிஞ்சிப்போய்க் கிடக்கு. நாளைக்குக் கடைசி நாள். அந்தப் பக்கம் பாக்கிற செல்வநாயகத்துக்கு டெங்கு. நீர் ஒருக்காப் போட்டு வாரும்."

"ஆற்ற வீடு சேர்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "யூவக்கீன் குரூஸ்."

"சேர், அது என்ர அண்ணன். சொந்தக்காரற்ற வீட்டுக்குப் போகப்படாதெண்டு சட்டம்."

"தவிர்க்க வேணும் எண்டுதான் சட்டம் சொல்லுது. நான் தவிர்க்கப் பாத்தனான், ஏலேல்ல. சரியோ?"

எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலில், கன நாளாகக் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்டேன்.

"சேர், இந்த வருசமும் மன்றத்தில அறுபத்தஞ்சு வீதம் வரைக்கும் வந்தது. சரிபார்ப்புத் தொடங்கினதும் சறுக்கிக்கொண்டு கீழ போட்டுது. போன வருசமும் இப்பிடித்தான். அதுக்கு முதல் வருசம் மற்றப் பக்கம் அறுபத்தாறு வந்தது, அதுவும் இப்பிடித்தான்."

"எனக்கும் கண் இருக்கு பிள்ளை."

"அப்ப நாங்கள்தானே சேர் அதைக் கெடுக்கிறம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிலாள் எண்டது தபால்காரன் மாதிரி. கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் வேலை. அவன் வழியில அதைப் பிரிச்சு வாசிச்சு, இருந்து அழுது, பேந்து தான் ஒண்டைத் திருத்தி எழுதினா விடுவமோ?"

"அதுகள் ஒண்டு சொல்லுறதை மற்றது கேக்குதுகள் சேர். கேட்டுத்தான் மாறுதுகள்."

"அதைத்தான் சட்டம் பிழை எண்டுது. ஆக்கள் மாறேல்லயே." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலமை போய் மத்தியானத்துக்குள்ள வந்திடும்."

அண்ணன் என்னோடு ஏன் பேசுவதில்லை என்று சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே மகன், ஜெறோம். என்னை மாமி மாமி என்று சுற்றிக்கொண்டு திரிந்த பிள்ளை. ஒன்றியம் வந்த பிறகு எங்கள் கடலை நாள் பிரித்துக் கொடுத்தார்கள். திங்கள், புதன், சனி கடலுக்கு அப்பால் அந்தக் கரைக்காரருக்கு. செவ்வாய், வியாழன், வெள்ளி எங்களுக்கு. ஞாயிறு மீனுக்கு. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிய ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெட்டி பூட்டினார்கள். படகு நிற்கும் இடத்தை அது எல்லாத் திரைகளிலும் காட்டும். ஊரில் அதற்குக் கோள்மூட்டி என்று பெயர் வைத்தார்கள். ஒரு புதன்கிழமை விடியற்புறம் ஜெறோம் தனியே கடலில் நின்றான். அந்தக் கரையின் பெரிய படகொன்று அவன் படகின் மேல் ஏறிவிட்டது. பெட்டி வேலை செய்யவில்லை, ஒன்றியம் தந்த மட்டமான சாமான் என்று அண்ணன் சொன்னார். ஊரும் சொன்னது. பெட்டி படகோடு கடலில் போய்விட்டதால் விசாரணை அத்தோடு முடிந்தது.

சேமக்காலையில் அவன் குழியின் மண் காயும் முன்பே முதல் வாக்கெடுப்பு வந்தது. என் மகள் ஷெரின் அந்தக் கரையில் தாதியாக வேலை செய்கிறாள், பேரப்பிள்ளையும் அங்கேதான். நான் இருப்போம் என்று போட்டேன், அதை மறைக்கவுமில்லை. "என்ர பிள்ளையைச் சாகடிச்சவங்களோட இருக்கப்போறியோ? இரு. எனக்குத் தங்கச்சி இல்லை" என்று அண்ணன் கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். அதுதான் கடைசி.

காலையில் ஸ்கூட்டியில் போனேன். சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. காற்றாலைகள் ஓயாமல் சுற்றின, எங்கள் ஊரில் களைக்காதவை அவை மட்டும்தான். அண்ணன் வீட்டுப் படலையில் 'விலகுவோம்' என்ற பழைய ஒட்டுத்தாள் வெயிலில் வெளுத்து, பாதி எழுத்து உரிந்து கிடந்தது.

அண்ணனின் மனைவி, ரோசலின் மச்சாள், வாசலிலேயே நின்றாள். சரிபார்ப்பு நாளென்றால் அவள் கோயிலுக்குப் போய்விடுவாள் என்று செல்வநாயகம் சொல்லியிருந்தான். இன்றைக்கு நான் வருகிறேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், போகவில்லை.

"எமில், மெலிஞ்சு போனியடி," என்று என் கையைப் பிடித்தாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள். "வா, உள்ளுக்கு வா."

அண்ணன் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு கதிரையில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்தேன்.

"வணக்கம் மிஸ். இருங்கோ," என்றார் அண்ணன்.

நான் இருந்தேன். கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். எங்கள் திணைக்களத்தின் தமிழ் தெரியும்தானே, மனிதர் பேசாத தமிழ். முதலாவது, நாடு ஒன்றியத்தில் தொடர வேண்டுமா? "விலக வேணும்." நான்காவது, கடல் நாள் முறை நியாயமானதா? "இல்லை." ஏழாவது, ஒன்றியத்தில் இருந்ததால் உங்கள் குடும்பம் எதை இழந்தது?

"என்ர மகனை," என்றார். "ஒன்றியம்தான் சாகடிச்சது. எழுதுங்கோ மிஸ்."

எழுதினேன். பன்னிரண்டும் முடிந்ததும் பலகைக் கணினியில் என் பெயரைக் கொடுத்து அவருடைய பதிலாளைத் திறந்தேன். வழக்கமாக அதைக் காதில் மாட்டிக்கொண்டு அலுவலர் மட்டும்தான் கேட்பார்.

"சத்தமாப் போடு பிள்ளை," என்றாள் ரோசலின். தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்து நின்றாள். "இத்தினை வருசமா இவருக்காக மன்றத்தில நிண்டு கதைக்குது. நான் ஒருநாளும் கேட்டதில்லை."

"வேண்டாம்," என்றார் அண்ணன். "மிஸ் தன்ர பாட்டில பாக்கட்டும்."

"ஏன், எங்கட வீட்டுக்குள்ள என்ன ஒளிப்பு?"

ஆள் விரும்பினால் சத்தமாகக் கேட்கலாம் என்பது சட்டம். மனைவி விரும்பினால் என்ன செய்வதென்று சட்டத்தில் இல்லை. நான் ரோசலின் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடத்துக்குப் பிறகு என் கையைப் பிடித்த ஒரே ஆள் அவள். ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டேன்.

"வாடி தங்கச்சி," என்றது பதிலாள்.

அண்ணனின் குரல், பழைய அண்ணனின் குரல். நான் வாயில் வைத்த தேத்தண்ணியை விழுங்க மறந்துபோனேன். முதலாவது கேள்வியை வாசித்தேன்.

"இருக்கிறதோ விலகுறதோ எண்டு எனக்கு இப்ப முந்தின கோவம் இல்லை," என்றது. "கடல் நாளைத் திருத்திப்போட்டு இருக்கலாம். இருப்பம் எண்டு போடு. உன்ர பதிலாளைக் கேட்டா விலகுவம் எண்டு நிக்குது. நாங்கள் ரெண்டு பேரும் இடம் மாறி நிக்கிறம், தெரியுமோ?" அது சிரித்தது. "உன்ர ஆள் நல்லாக் கதைக்கும். உன்னை மாதிரி வாய்."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டே போனேன். இரண்டு ஒத்துப்போகவில்லை, மூன்று ஒத்துப்போகவில்லை, ஐந்து ஒத்துப்போகவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், விலகல் அப்போதே உறுதியாகிவிட்டது. பன்னிரண்டையும் கேட்க வேண்டும் என்பது விதி, நான் விதியைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறவள். ஏழாவதைக் கேட்டேன்.

"என்ர மகனை," என்றது பதிலாள். "ஆனா ஒன்றியம் இல்லை, எமில். அண்டைக்குப் புதன்கிழமை. அவங்கட நாள். செவ்வாய் முழுக்கக் காத்து, தொழிலுக்குப் போக ஏலேல்ல. பாரைமீன் கரைக்குக் கிட்ட வந்து நிண்டது, ஒரு நாள் பொறுத்தாப் போயிடும். எனக்குக் காய்ச்சல். நீ போ எண்டு நான்தான் அவனை அனுப்பினனான். கோள்மூட்டியைக் கழட்டிக் கரையில வாடிக் கொட்டிலுக்க வைச்சிட்டுப் போ எண்டும் நான்தான் சொன்னனான். எல்லாரும் செய்யிறதுதானே. அவனுக்குப் பயம். அப்பா, பெட்டி இல்லாட்டிப் பெரிய படகுக்கு என்னைத் தெரியாதே எண்டு கேட்டவன். நான் ஏசிப்போட்டன்."

இதில் பொய்யென்று சொல்ல எதுவுமில்லை. மற்றக் கரையின் நாளில் கள்ளமாகக் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பெட்டியைக் கரையில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அப்படி வைத்தால் படகு கரையில் நிற்பதாக ஒன்றியத்தின் திரை காட்டும். எங்கள் கரையில் அதைச் செய்யாத வீடு இல்லை. கடல் எங்களுடையது, எங்கள் கடலில் நிற்க எவன் நாள் குறிப்பது என்ற வீறாப்பு.

ரோசலின் கோப்பையைக் கீழே வைத்தாள். இயந்திரத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். "பெட்டி கடலோட போனதெண்டுதானே சொன்னது?"

"இல்லை ரோசி. வாடியிலதான் கிடந்தது. அவன்ர உடம்பு கரைக்கு வர முன்னம் நான் அதைக் கொண்டுபோய்க் கழிமுகத்தில எறிஞ்சிட்டன்."

பதிலாள்தான் தொடர்ந்தது, அதற்கு எங்கள் முகம் தெரியாதுதானே.

"நான் இதை ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை எண்டுதான் இருந்தனான், எமில். உன்ர ஆள்தான் முதல்ல சொன்னது, தன்ர பிழையை. அது சொன்ன பிறகு நான் சொல்லாமல் இருக்கிறது சரியில்லை."

"எந்தப் பிழை?" என்று கேட்கவே கூடாது, கேள்வித்தாளில் இல்லாத கேள்வி. ரோசலின் கேட்டாள்.

"ஜெறோம் திங்கக்கிழமை உனக்குப் போன் எடுத்தவனாமே. மாமி, எனக்குக் கடல் வேண்டாம், ஷெரின் அக்கா இருக்கிற இடத்தில ஒரு வேலைக்கு எழுதித் தாங்கோ எண்டு கேட்டவனாம். எனக்குப் பயந்து, வாக்கெடுப்பு முடியட்டும், பேந்து பாப்பம் எண்டு சொன்னியாமே. ரெண்டு நாளில செத்துப்போனான்."

ஆம், சொன்னேன். அண்ணனோடு சண்டை வரும் என்று பயந்து சொன்னேன். அதை என் பதிலாளிடம் மட்டும், முதன்முதல் பதிந்த நாட்களில் ஒரு மத்தியானம், கதவைப் பூட்டிவிட்டுச் சொன்னேன். ஷெரினுக்குக்கூடத் தெரியாது. அண்ணன் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பலகைக் கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மீதிக் கேள்விகளை எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. விலகல் படிவம் திறந்தது. அதில் முந்திய விலகல்களைச் சரிபார்க்க வேண்டும். பட்டியல் வந்தது. ஐந்து வருடம், ஐந்து விலகல். ஒவ்வொரு வருடமும் பதிலாள் கோபத்தோடு தொடங்கியிருக்கிறது, பத்தாவது மாதமோ பதினோராவது மாதமோ இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் விரல் வைத்து அழித்திருக்கிறார். இது ஆறாவது.

பக்கத்திலேயே 'உரையாடல் துணை' என்று ஒரு இலக்கம் இருந்தது. ஆறு வருடமும் அதே இலக்கம், என்னுடையது. அதைத் தொட்டேன். எனக்கும் ஐந்து விலகல், வெளி வேலை முடிந்த பிறகுதான் அலுவலர்களின் முறை என்பதால் இந்த வருடத்தது இன்னும் இல்லை. ஒவ்வொன்றிலும் என் பெருவிரல். வருடாவருடம் செல்வநாயகம் என் மேசைக்கு வந்து, "அக்கா, வழமைதான், விரலை வையுங்கோ" என்பான். ஒரு கையில் தேத்தண்ணியோடு மறு கையால் வைத்திருக்கிறேன். என் பதிலாள் என்ன சொல்கிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. என்ன பெரிதாகச் சொல்லிவிடப்போகிறது, நான் சொல்லிக் கொடுத்ததுதானே என்ற நினைப்பு.

ஐந்து தடவை நானும் அண்ணனும் சமாதானமாகியிருக்கிறோம். ஐந்து தடவையும் நாங்களே அதை அழித்திருக்கிறோம்.

"அண்ணா, இது ஒவ்வொரு வருசமும் இதைத்தான் சொல்லுதோ?" என்று கேட்டேன். மிஸ், நீங்கள் என்ற நாடகத்துக்கு என்னிடம் தெம்பு இல்லை.

"முதல் வருசம் கேட்டனான்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "அதுக்குப் பிறகு கேக்கேல்ல. என்ன சொல்லும் எண்டு தெரியும்தானே." பிறகு கையை நீட்டினார். "தாங்கோ மிஸ், விரலை வைக்கிறன். அழியுங்கோ."

நான் மறுத்தேன், கணினியை மூடி வைத்தேன், எழுந்து நின்று பேசினேன் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. அவர் பெருவிரலை வைத்தார். ஆறு வருடமாகச் செய்த வேலை, என் விரல் தானாகப் போய் அவர் விரலுக்குப் பக்கத்தில் அமர்ந்தது. சட்டம் அப்படி என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், அந்தக் குரல் என்னைப் பற்றிச் சொன்னதும் சேர்ந்து அழியட்டும் என்று நான் விரும்பினேன். வெட்கம்தான். தங்கச்சி என்று கூப்பிட்ட ஒரே குரலை அந்த வெட்கத்துக்காக அழித்தேன்.

பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது. மீட்டமைத்த பிறகு ஏதாவது ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். எதைக் கேட்பது என்பது அலுவலரின் விருப்பம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரோசலின் சொன்னாள், "ஏழாவதைக் கேள்."

கேட்டேன்.

"என்ர மகனை," என்றது பதிலாள். இறுகிப்போன, எனக்கு நன்றாகத் தெரிந்த கோபக் குரல். "ஒன்றியம்தான் சாகடிச்சது. எழுதுங்கோ."

திரையில் 'ஒத்துப்போகிறது' என்று வந்தது. என் வேலை முடிந்தது. நான் மத்தியானத்துக்குள் அலுவலகம் திரும்பலாம்.

ரோசலின் இயந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள். ஊரே வாயை மூடிய பிறகும் எட்டு வருடமாக மகனுக்கு நீதி கேட்டுச் சந்தியில் பதாகை பிடித்து நின்றவள், மழையிலும் வெயிலிலும், மகனின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு.

"இப்ப நீங்க சொல்லுங்கோ," என்றாள்.

"என்னத்தை?"

"அது முந்திச் சொன்னதோ, இப்ப சொன்னதோ. எது?"

வெளியே காற்று படலையை அடித்துத் திறந்தது, மூடியது. அண்ணன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், பிறகு அடுத்ததையும். மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன், ரோசலின் கையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

"நான்தான் ரோசி," என்றார். "பெட்டியை வைச்சிட்டுப் போ எண்டு நான்தான் சொன்னனான். அவன் மாட்டன் எண்டவன். ஆம்பிளைப் பிள்ளையோ நீ எண்டு கேட்டனான். அதுக்குப் பிறகுதான் அவன் போனவன்."

பதிலாள்கூடச் சொல்லாதது அது.

ரோசலின் அவரை அடிப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நிலத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் கதிரையிலிருந்து இறங்கி அவளுக்கு எட்டாத தூரத்தில் நிலத்தில் இருந்தார். அவளைத் தொடவில்லை, தொட உரிமை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

திரை சிவந்தது. ஒலிபெருக்கி திறந்தபடி இருந்ததால் அண்ணன் சொன்னதையும் அது கேட்டுப் பதிந்துவிட்டது. 'ஒத்துப்போகவில்லை' என்றது. விலகல் வகையைத் தெரிவு செய்யச் சொன்னது. எல்லா வகையும் பதிலாள் மாறியதற்கானவை. ஆள் மாறினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நான் முற்றத்துக்குப் போய்த் தவராசா சேருக்கு அழைத்தேன்.

"ஆள் மாறிட்டுதோ?" என்றார். "ஆளோ? பதிலாள் இல்லையோ?"

"ஆள்தான் சேர்."

கன நேரம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "இருக்கு, பிள்ளை. கையேட்டின்ர கடைசிப் பக்கத்தில கிடக்கு. நாற்பது மணித்தியாலம் புதுசாக் கதைச்சுப் பதிய வேணும். அலுவலர் ஒருத்தர் முன்னால இருக்க வேணும்." பிறகு மெதுவாகச் சொன்னார், "ஆறு வருசத்தில ஒருத்தரும் இதைக் கேக்கேல்ல."

"நான் இருக்கலாமோ சேர்? தங்கச்சி எண்டா ஏலாதோ?"

"தெரியேல்ல. ஒருத்தரும் செய்யாத வேலைக்கு ஒரு முறையும் இல்லை. நீர் தொடங்கும்." போனை வைக்கப்போனவர் திரும்பவும் பேசினார். "மன்றத்தில இண்டைக்கு அறுபத்தொண்டுக்கு இறங்கிட்டுது. இந்த வருசமும் இல்லை."

"சரி சேர்," என்றேன். எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. நாடு இன்னொரு வருடம் வாதாடட்டும், வாதாடியே பழகிவிட்டது.

உள்ளே வந்தபோது ரோசலின் சமையலறைக்குள் போயிருந்தாள். கதவு சாத்தியிருந்தது, ஆனால் தாழ் போடவில்லை. அண்ணன் திரும்பவும் கதிரையில் இருந்தார். விதியைச் சொன்னேன். நாற்பது மணித்தியாலமா என்று கேட்டார். ஆம் என்றேன். புதிய பதிவைத் திறந்து பலகைக் கணினியை இருவருக்கும் நடுவில் வைத்தேன். சிவப்புப் புள்ளி எரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே தொடங்குவதென்று தெரியாத மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணா," என்றேன். "ஜெறோம் சாக ரெண்டு நாளைக்கு முன்னம் எனக்குப் போன் எடுத்தவன்."

"தெரியும். இப்பதானே கேட்டனான்."

"அது சொல்லித்தான் கேட்டனீங்கள். இப்ப நான் சொல்லுறன்."

அண்ணன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.